ஐ.பி. (திவால் மனு) போடுவதற்கு முன் வீட்டை மாற்றி எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆந்திராவின் நகரி, புத்தூர், ஏகாம்பரகுப்பம் பக்கம் தறி நின்று நூல் கடன் ஏறியவர்களுக்கு ஆளாளுக்குச் சொல்லும் யோசனை ஒன்றுதான்: வீட்டை மனைவி பேருக்கோ மச்சான் பேருக்கோ தானம் எழுதிவிட்டு ஐ.பி. போடு. குடும்பத்தைக் கெடுப்பதே இந்த யோசனைதான். பணம் வாங்காமல் சொத்தை மாற்றி 2 ஆண்டுக்குள் மனு விழுந்தால், ரிசீவர் (திவாலானவரின் சொத்தைப் பொறுப்பேற்கக் கோர்ட் நியமிப்பவர்) கேட்டதும் அந்தப் பத்திரத்தைக் கோர்ட் ரத்து செய்துவிடும். மறைத்தது நிரூபணமானால் ஓராண்டு வரை சிறையும் உண்டு.

2016 திவால் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் முதல் அமலில் இருக்கிறது. மற்றவர்களுக்கு இங்கே இன்றும் 1920-ம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம்தான். குடியிருப்பு நகரியில், கடை திருத்தணியில் என்றால் இரண்டில் எந்த ஊர்க் கோர்ட்டிலும் மனு போடலாம்.

எந்தச் சொத்து ஜப்தியிலிருந்து தப்பும் என்பதை சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு சொல்கிறது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் உழவு மாடு, விதை நெல், பி.எஃப்., ஆயுள் காப்பீட்டுப் பணம் ஆகியவற்றைத் தொட முடியாது. கூலித் தொழிலாளியின் கூலி முழுவதும் தப்பும். மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தப்பும். 25,000 வாங்குபவருக்கு 17,000 நிற்கும். இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது.

வீட்டு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோர் தாம் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கே பாதுகாப்பு உண்டு. வியாபாரியின் வீட்டுக்கு இல்லை. ஆள் வைத்து ஓட்டும் விசைத்தறியைக் கைவினைஞர் கருவி என்று நம்பி இருக்க வேண்டாம். அடமானம் வைத்த வீட்டின் மேல் பேங்குக்கு உள்ள உரிமையை ஐ.பி. அசைக்காது. ஜாமீன் போட்டவரும் தப்பமாட்டார், செக் பவுன்ஸ் வழக்கும் தொடர்ந்து நடக்கும்.

மனுவில் கைமாற்று, சீட்டு பாக்கி உட்பட ஒவ்வொரு கடனையும், கொடுத்தவரின் பெயர், விலாசத்தோடு எழுத வேண்டும். சொத்து விவரத்தையும் அதன் மதிப்பையும் விடக்கூடாது. மனு போட்டதாலேயே ஏலம் நின்றுவிடாது. மனு ஏற்கப்பட்டதும் அதற்கான சான்றிட்ட நகலை, ஏலம் நடக்கும் முன்பே, ஏலம் போடும் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். பிந்தினால் வீடு போனது போனதுதான். கைதுக்குப் பயந்து அவசரப்படவும் வேண்டாம்: கட்ட வழியே இல்லாதவரைக் கடனுக்காகச் சிறை வைக்கக் கூடாது என்று 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. பணக் கடனுக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது.

திவால் என்று உத்தரவு வந்ததோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் பலர். கடனிலிருந்து விடுதலை கேட்டு, கோர்ட் குறித்த கெடுவுக்குள் தனி மனு போட வேண்டும். போடாவிட்டால் திவால் உத்தரவே ரத்தாகும், கடன் எல்லாம் திரும்ப உயிர் பெறும், கோர்ட் அனுமதி இல்லாமல் மறுபடி ஐ.பி. போடவும் முடியாது. அந்த விடுதலை மனுவின்போது ஐ.பி. போடுவதற்கு முந்தைய 3 ஆண்டுக் கணக்குப் புத்தகத்தை ஜட்ஜ் கேட்பார். நூல் பில், கூலிப் பட்டியல், பேங்க் பாஸ்புக் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
வழக்கறிஞர்கள் சிலர், நகரி