ஒன்பது பேர் வகுப்பிலிருந்து ஒரு நன்றி மடல்

எம்.எஸ்சி. கணிதத்தில் என்னோடு படித்த எட்டுப் பேருக்கும், எங்களைப் பொறுத்துக்கொண்ட மற்றவர்களுக்கும்,

ரிசல்ட் வந்துவிட்டது, ஒன்பது பேரும் தேறிவிட்டோம். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதியிருக்கலாம்தான். ஆனால் நம்மில் ஒருவருக்குச் சொன்னது சாயங்காலத்துக்குள் மற்ற எல்லோருக்கும் போய்விடும் என்பதால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

நாம் எல்லோரும் உயிர் நண்பர்கள் என்று வெளியே ஒரு பேச்சு இருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை என்பது நமக்குத் தெரியும். ஒன்பது பேர் என்றால் 36 ஜோடி. 36 உறவும் ஒரே நேரத்தில் சுமுகமாக இருந்த வாரம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. பெரிய வகுப்பில் ஒருவரோடு ஒத்துவராவிட்டால் வேறு பெஞ்சுக்குப் போய்விடலாம். நமக்கு இருந்ததே மூன்று பெஞ்சு. முந்தின நாள் சண்டை போட்டவரிடமே மறுநாள் காலையில் அசைன்மெண்டில் சந்தேகம் கேட்க வேண்டியிருக்கும். கேட்டால் சொல்லித் தந்தீர்கள். முகம் கொடுத்துப் பேசாத நாளிலும் நோட்டைக் கொடுத்தீர்கள். என் முதல் நன்றி அதற்குத்தான். பிடித்தவருக்கு உதவுவது எல்லோரும் செய்வது.

வகுப்பிலேயே குறைவாகப் பேசுகிறவளே, அடுத்தது உனக்கு. ரியல் அனாலிசிஸில் சாதாரணத் தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் என்ன வித்தியாசம் என்று புரியாமல் நான் வரையறையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். (விடை எவ்வளவு மாறலாம் என்ற வரம்பு எப்சிலான், அதற்காக x எவ்வளவு நகரலாம் என்ற வரம்பு டெல்டா.) நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய்: "புள்ளியைப் பார்த்துவிட்டு டெல்டாவைத் தேர்ந்தெடுக்கிறாயா, பார்ப்பதற்கு முன்பேயா?" பிறகு x²-ஐ எழுதி, எப்சிலான் 1 என்று வைத்துக்கொள்ளச் சொன்னாய். 10-க்குப் பக்கத்தில் டெல்டா சுமார் 0.05 போதும், 1000-க்குப் பக்கத்தில் 0.0005 அளவுக்குச் சுருங்கிவிடும், இன்னும் தள்ளிப் போகப் போக இன்னும் சுருங்கும், எல்லாப் புள்ளிக்கும் சேர்த்து ஒரே டெல்டா கிடைக்கவே கிடைக்காது. அதனால் x² எல்லா இடத்திலும் தொடர்ச்சி உள்ளது, ஆனால் சீரான தொடர்ச்சி கிடையாது. அவ்வளவுதான் விஷயம். அதற்கு முந்தின மாதம் முழுக்க நாம் இருவரும் பேசவில்லை என்பதை நீ காட்டிக்கொள்ளவே இல்லை. அந்த மனஸ்தாபம் எதனால் வந்தது என்பது இப்போது எனக்கு ஞாபகம்கூட இல்லை. உனக்கு இருந்தால் தயவுசெய்து சொல்லாதே.

முதல் இடத்துக்குப் போட்டி போட்ட இருவருக்கும் ஒரு தனி வணக்கம். உங்கள் போட்டியால் எங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை, லாபம்தான். ஒருவர் குரூப் தியரியில் ஒரு நிரூபணம் கொண்டுவந்தால் இன்னொருவர் அதைவிடச் சின்னதாக ஒன்று கொண்டுவருவார், இரண்டும் எங்கள் நோட்டில் ஏறிவிடும். இதில் துறைக்கும் பங்கு உண்டு. இங்கே மார்க்கை ஆளோடு ஆள் ஒப்பிட்டுப் போடவில்லை. நான் பத்து மார்க் கூட வாங்கினால் உன் கிரேடு இறங்கிவிடும் என்ற ஏற்பாடு இருந்திருந்தால் இந்த மடலில் பாதிக்கு வேலையே இருந்திருக்காது. ஒன்பது பேர் வகுப்பில் அப்படி ஒரு விதி வைப்பது, என்னைக் கேட்டால், கொடுமை.

டோபாலஜி எடுத்த சாருக்கு நன்றி. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆர். எல். மூர் என்ற கணிதப் பேராசிரியர் பல்லாண்டுகள் கடைப்பிடித்த முறை ஒன்று உண்டு. புத்தகம் பார்க்கக் கூடாது, ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, தேற்றத்தைத் தானே நிரூபித்துப் போர்டில் வந்து காட்ட வேண்டும். சார் அதில் போர்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பேசக் கூடாது என்பதை விட்டுவிட்டார். (கறுப்பின மாணவர்களைத் தன் வகுப்பில் சேர்க்க மறுத்தவர் மூர் என்பதையும் சாரே சொன்னார். மறைக்காமல் சொன்னதற்கும் நன்றி.) கூடவே இன்னொரு கதையும் சொன்னார். 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்பவர், கால்குலஸ் படித்த மாணவர்களைக் கவனித்தார். சிரமப்பட்ட கறுப்பின மாணவர்களில் பெரும்பாலோர் தனியாகவே படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்கள் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்தார்கள். அந்தக் கவனிப்பிலிருந்துதான் அவருடைய கூட்டுப் பயிற்சி வகுப்புகள் பிறந்தன. அன்றிலிருந்து நாமும் அப்படியே செய்தோம். போர்டில் ஒருவர் பாதியில் நின்றுவிட்டால் யாரும் சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது பேர் இருக்கும் அறையில் ஒருவர் சிரித்தாலே போதும், அடுத்த முறை எழுந்து போக மனசு வராது.

காதலித்துப் பிரிந்த இருவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் இரண்டு முறை எழுதி அடித்தேன். நீங்கள் சேர்ந்திருந்தபோது எங்களுக்கு ஒன்றும் தெரியாதது போல நடித்தோம். பிரிந்தபோது அந்த நடிப்பு இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஆனால் நீங்கள் இருவருமே எங்களில் ஒருவரைக்கூடக் கட்சி சேரச் சொல்லவில்லை. செமினாருக்கு ஒரே குழுவில் போட்டபோதும் மாற்றித் தரும்படி கேட்கவில்லை, வேலையை நேராகப் பிரித்துக்கொண்டு முடித்தீர்கள். அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அப்போது எங்களில் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், நன்றாக இருக்கிறீர்களா?

பழைய கேள்வித்தாள்களைக் கட்டாக விட்டுப்போன சீனியர்களுக்கும், மூடும் நேரம் தாண்டியும் விளக்கை அணைக்காத நூலக உதவியாளருக்கும், வீட்டில் எங்கள் கோபத்தைத் தாங்கியவர்களுக்கும் நன்றி.

கடைசியாக, முதல் செமஸ்டரோடு விலகிப்போன பத்தாவது ஆளுக்கு. தேறியவர்கள் எழுதும் மடலில் உன் பெயர் எதற்கு என்று நீ நினைக்கலாம். லீனியர் ஆல்ஜீப்ராவில் முதல் பாதியை எங்களுக்குச் சொல்லித் தந்ததே நீதான். நீ போனபோது யாரும் ஒழுங்காக வழியனுப்பக்கூட இல்லை, தேர்வு நேரம். உன் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது, ஓரமெல்லாம் பென்சிலில் எங்கள் கிறுக்கல்களோடு. முகவரி அனுப்பு, இந்த வாரமே அனுப்பிவைக்கிறேன். அழித்துவிட்டு அனுப்பவா, அப்படியே அனுப்பவா?