அடிபட்டு எழும் பாண்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஜேம்ஸ் பாண்ட் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். விதவிதமான கருவிகள், வேகமான கார், அழகிகள், வெளிநாட்டுக் கடற்கரை இவைதான் எழுபது வருடங்களாக அவரை நிலைக்க வைத்திருக்கின்றன என்கிறார் கட்டுரையாளர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

1953இல் வந்த முதல் நாவலான ‘கேசினோ ராயல்’ கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு மேசையில் பாண்ட் கையிலிருந்த பணம் மொத்தத்தையும் தோற்கிறார். அமெரிக்க உளவாளி கொடுத்த பணத்தில்தான் மறுபடி ஆடி ஜெயிக்கிறார். அப்புறம் எதிரியிடம் மாட்டி, கட்டிவைத்து அடிக்கப்படுகிறார். அங்கிருந்து பிழைத்ததும் சொந்த சாமர்த்தியத்தால் இல்லை. அந்த எதிரியைத் தீர்த்துக்கட்ட வந்த சோவியத் ஆள், பாண்டைக் கொல்லத் தனக்கு உத்தரவு இல்லை என்பதால் உயிரோடு விட்டுப் போகிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, இந்த வேலையில் நல்லவன் யார், கெட்டவன் யார், ராஜினாமா செய்துவிடலாமா என்று நண்பரிடம் மனம் விட்டுப் பேசுகிறார். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவில் வேலை பார்த்த இயான் ஃபிளெமிங், தன் நாயகனை முதல் கதையிலேயே இப்படிக் களைத்துப்போனவனாகக் காட்டினார்.

நான் பாண்டை முதலில் பார்த்தது தியேட்டரில் அல்ல, ராணி காமிக்ஸில். 1984இல் வந்த அதன் முதல் இதழே பாண்ட் கதைதான். லண்டன் டெய்லி எக்ஸ்பிரஸில் வந்த கறுப்பு வெள்ளைப் படக்கதைகளைத் தமிழில் தந்தார்கள். எங்கள் தெரு முடிதிருத்தும் கடையில், அட்டை கிழிந்த இதழைப் படித்து முடிப்பதற்காகவே என் முறையை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன். ஜமைக்கா எங்கே இருக்கிறதென்றுகூட அப்போது தெரியாது. நெற்றியில் முடி விழுந்த அந்த ஆள் அடிவாங்கி, சட்டை கிழிந்து, எப்படியோ எழுந்து நின்றுவிடுவார். அதைப் பார்க்கத்தான் அடுத்த இதழுக்குக் காத்திருந்தேன்.

சினிமாவில் பாண்டாக நடித்த ரோஜர் மூர் கோட்டு கசங்காமல் சண்டை போடுவதும் பிடிக்கும்தான். ஆனால் திரும்பத் திரும்பப் பார்ப்பது 1969இல் வந்த ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ படத்தை. கல்யாணமான அன்றே சுட்டுக்கொல்லப்பட்ட மனைவியை அணைத்தபடி காரில் உட்கார்ந்திருப்பார் பாண்ட். அதோடு படம் முடிந்துவிடும். 2006இல் டேனியல் கிரெய்க் முகமெல்லாம் காயத்தோடு வந்தபோது ‘புது பாண்ட்’ என்றார்கள். எனக்கோ, பழைய நாவலில் இருந்தவர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

கட்டுரையாளர் வியக்கும் வால்தர் துப்பாக்கி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது வாசகர் கடிதத்தால் வந்தது. பாண்ட் வைத்திருக்கும் பெரெட்டா பெண்களுக்கான துப்பாக்கி என்று ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற துப்பாக்கி நிபுணர் ஃபிளெமிங்குக்கு எழுதினார். ஃபிளெமிங் அதை ஏற்று, 1958இல் வந்த ‘டாக்டர் நோ’ நாவலில் துப்பாக்கியை மாற்றினார். மாற்றச் சொல்லும் ஆயுத நிபுணர் பாத்திரத்துக்குப் பூத்ராய்டின் பெயரையே வைத்தார். அந்த அத்தியாயத்திலும் என் மனதில் நிற்பது வால்தர் இல்லை. முந்தைய கதையில் விஷம் ஏறி, அப்போதுதான் தேறி வந்திருக்கும் பாண்ட், பதினைந்து வருடம் கூடவே இருந்த பழைய துப்பாக்கியைப் பிரிய மனமில்லாமல் தவிப்பார்.

அந்த நாவல்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். முதல் ஆளாகப் படிப்பேன்.

அன்புடன்,
நீண்டநாள் வாசகர்,
விருதுநகர்.