அந்த கேப்ஸ்யூல் பத்தி நான் உன்கிட்ட சொல்லாம விட்டது

தம்பிக்கு,

நேத்து நைட்டு நீ போன வச்சதுக்கு அப்புறம் எனக்கு தூக்கமே வரலடா. ஸ்கின் டாக்டர் முகப்பருவுக்கு டாக்சிசைக்ளின்னு ஒரு ஆன்டிபயாடிக் 100 மில்லிகிராம் எழுதிக் கொடுத்திருக்காரு, மூணு மாசம் சாப்பிடணுமாம், சாப்பிடலாமாப்பான்னு கேட்ட. நானும் டாக்டர் சொன்னா சாப்பிட வேண்டியதுதானேன்னு ஒரே வரில முடிச்சிட்டு போன அம்மாகிட்ட கொடுத்துட்டேன். அப்படி பண்ணியிருக்கக் கூடாது. ஏன்னா அதே மருந்த உன் வயசுல நானும் சாப்பிட்டிருக்கேன், விட்டு விட்டு ஒன்றரை வருஷம். அம்மாவுக்கே இது முழுசா தெரியாது. போன்ல சொல்ல வாய் வரல, அதான் உக்காந்து டைப் பண்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படி.

சின்னப்பையனா இருக்கும்போது என் மடில உக்காந்துக்கிட்டு என் இடது தாடைக்கு கீழ இருக்கற பள்ளத்துல விரல வச்சு அழுத்திப் பாப்ப, ஞாபகம் இருக்கா? இங்க ஏன்ப்பா குழியா இருக்குன்னு கேப்ப. கொசு கடிச்சதுன்னு சொல்லி வச்சேன். அது கொசு இல்லடா, 22 வயசுல வந்த பரு. முகத்துல மட்டும் இல்ல, முதுகு பூரா இருந்துச்சு. வெள்ளை சட்டை போட்டா சாயங்காலம் கழட்டும்போது முதுகுப்பக்கம் சின்ன சின்ன ரத்தப்பொட்டு ஒட்டியிருக்கும், அதனாலயே கருநீலம், கருப்பு தவிர வேற கலர் எடுக்க மாட்டேன். யாராவது தோள்ல தட்டினா உயிர் போகும், வலிய வெளில காட்டாம சிரிச்சிட்டு நிப்பேன்.

இவ்வளவு பட்டவன் நான். ஆனா 16 வயசுல நீ கண்ணாடி முன்னாடி நின்னுட்டு இருந்தப்போ, ஆம்பளப் பையனுக்கு எதுக்குடா இவ்வளவு நேரம் கண்ணாடி, வயசுல வர்றதுதான் தானா போயிடும்னு சொன்னவனும் நான்தான். அத நினைச்சாத்தான் தூக்கம் வரல. வீடியோ கால்ல நீ கேமராவ ஆஃப் பண்ணி வைக்கிறது நெட் ஸ்லோவா இருக்கறதாலன்னு நீ சொன்னதை அம்மா நம்புறா. எனக்கு முதல் தடவையே புரிஞ்சுது. புரிஞ்சும் கேக்காம இருந்தேன். மன்னிச்சுக்கோடா.

சரி, மருந்துக்கு வர்றேன். பயப்படாத, இது புதுசா வந்த மருந்து இல்ல. 1967-லேர்ந்து புழக்கத்துல இருக்கு, டெட்ராசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் குடும்பம், அந்தக் குடும்பத்துல முதல்ல வந்த மருந்து 1948-லயே வந்துடுச்சு, மண்ணுல இருக்கற ஒரு நுண்ணுயிர்லேர்ந்து எடுத்தது. எத்தனையோ பேரு சாப்பிட்டு நல்லா ஆகியிருக்காங்க. ஆனா அத சாப்பிட ஒரு முறை இருக்கு, அந்த முறை தெரியாம நான் முதல் நாளே மாட்டிக்கிட்டேன்.

நைட்டு படுத்ததுக்கு அப்புறம்தான் மாத்திரை ஞாபகம் வந்துச்சு. எந்திரிக்க சோம்பல், தலைமாட்டுல இருந்த பாட்டில்ல ஒரு மடக்கு தண்ணி, கேப்ஸ்யூல வாயில போட்டு முழுங்கிட்டு அப்படியே சாஞ்சுட்டேன். விடியக்காலைல நடுநெஞ்சுல குத்து. எச்சில் முழுங்கினா கூட முள்ளு ஒண்ணு மேலேர்ந்து கீழ வரைக்கும் கீறிக்கிட்டு இறங்கற மாதிரி இருந்துச்சு. ஹார்ட் அட்டாக்னே நினைச்சு நடுங்கிட்டேன். டாக்டர் நெஞ்ச தொட்டுப் பாக்கறதுக்கு முன்னாடி கேட்ட முதல் கேள்வியே, மாத்திரைய எப்படி முழுங்கினீங்க, எவ்வளவு தண்ணி குடிச்சீங்கன்றதுதான். இந்த மருந்து கரையும்போது அமிலத்தன்மையா இருக்கும், தண்ணி பத்தலன்னா உணவுக்குழாய் சுவத்துல ஒட்டிக்கிட்டு அங்கயே கரைஞ்சு புண்ணாக்கிடும். ஒரு வாரம் கெட்டியா எதையும் முழுங்க முடியல எனக்கு.

அதனால சொல்றேன், ஒரு முழு டம்ளர் தண்ணி, அரை டம்ளர் இல்ல, முழுசு. உக்காந்தோ நின்னோதான் முழுங்கணும், அதுக்கப்புறம் குறைஞ்சது அரை மணி நேரம் படுக்கவே கூடாது. படுக்கப் போற நேரத்துக்குன்னு அத வச்சுக்காத, பகல்ல சாப்பாட்டோட சேத்து போட்டுக்கோ. வெறும் வயித்துல போட்டா குமட்டும். பழைய டெட்ராசைக்ளின்னா வெறும் வயித்துலதான் சாப்பிடணும், இதுக்கு அந்த கட்டாயம் இல்ல.

அடுத்து நான் பண்ணின தப்பு இதோட தொடர்ச்சிதான். நெஞ்செரிச்சல் பயத்துல, மறுபடி ஆரம்பிச்சப்போ ஒவ்வொரு தடவையும் கேப்ஸ்யூலோட சேத்து அல்சருக்கு சாப்பிடற ஆன்டாசிட் திரவத்தையும் குடிச்சிட்டே இருந்தேன், பாதுகாப்புன்னு நினைச்சு. அதுல இருக்கற அலுமினியமும் மெக்னீசியமும் வயித்துக்குள்ளயே இந்த மருந்த புடிச்சுக்கும், உடம்புல சேரவே விடாது. ஒரு மாசம் சாப்பிட்ட மருந்துல பெரும்பங்கு வீணாத்தான் போயிருக்கும். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, ஜிங்க் இதெல்லாமும் அப்படித்தான். பாலு டாக்சிசைக்ளின அவ்வளவு தடுக்காதுதான், இருந்தாலும் மாத்திரைய முழுங்க பால் வேண்டாம், தண்ணிதான். அம்மா உனக்கு கொடுத்தனுப்பின அயர்ன் மாத்திரை இன்னும் சாப்பிடறியா? சாப்பிட்டா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லு, ரெண்டுத்துக்கும் நடுவுல சில மணி நேரம் விடச் சொல்லுவாரு, இல்ல கொஞ்ச நாளைக்கு அத நிறுத்தச் சொல்லுவாரு.

வெயில் விஷயத்துலயும் ஜாக்கிரதை. நம்ம தோல் கருப்புதானே, வெயில் என்ன பண்ணிடும்னு நானும் நினைச்சேன். மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே ஒரு மத்தியானம் வெளில நின்னேன், மூக்கு, காது மடல், புறங்கை எல்லாம் அடுப்புக்கிட்ட காட்டின மாதிரி எரிஞ்சு உரிஞ்சுது, அந்த கருப்பு போக மாசக்கணக்காச்சு. இந்த மருந்து தோல வெயிலுக்கு கூசுற மாதிரி ஆக்கிடும். பரு போன இடத்துல நிக்குற கருப்பு மார்க்கும் வெயில் பட்டா இன்னும் அழுத்தமாயிடும். எஸ்பிஎஃப் 30-க்கு குறையாத சன்ஸ்க்ரீன், எண்ணெய் பிசுக்கில்லாததா பாத்து, காலைல போட்டுட்டுதான் வெளில காலெடுத்து வைக்கணும்.

இப்போ சொல்லப்போறதுதான் முக்கியம், மத்ததெல்லாம் மறந்தாலும் இத மறக்காத.

டாக்டர் எனக்கு கேப்ஸ்யூலோட ஒரு க்ரீமும் எழுதியிருந்தாரு, பென்சாயில் பெராக்சைடு. முகத்துல போட்டா எரிஞ்சுது, காஞ்சு செதில் செதிலா உரிஞ்சுது, தலைகாணி உறைல அங்கங்க சாயம் போய் வெள்ளைத் திட்டு ஆயிடுச்சு. ரெண்டே வாரத்துல தூக்கிப் போட்டுட்டேன். மாத்திரைதான் மருந்து, க்ரீம் சும்மா மேல பூசுறதுன்னு ஒரு நினைப்பு. அது அப்படியே தலைகீழ்டா தம்பி. பரு எப்படி வருதுன்னு யோசிச்சுப் பாரு. துவாரம் அடைச்சுக்குது, உள்ள எண்ணெய் தேங்குது, அதுல பாக்டீரியா பெருகுது, அப்புறம் அந்த இடம் வீங்கி சிவந்து சீழ் வைக்குது. கேப்ஸ்யூல் கடைசி ரெண்டத்தான் கவனிக்கும், பாக்டீரியாவ கட்டுப்படுத்தும், வீக்கத்த அடக்கும். அடைப்ப அது தொடாது. எண்ணெயயும் தொடாது. அப்போ மாத்திரைய நிறுத்தின அன்னைக்கு அடைப்பு அங்கயேதானே இருக்கும்?

எனக்கு அதான் நடந்துச்சு. மூணாவது மாசம் முகம் தெளிஞ்சுது, முதுகுல புதுசா ஒண்ணும் இல்ல, எத்தனையோ நாளைக்கு அப்புறம் வெளிர் நீலத்துல ஒரு சட்டை எடுத்தேன். நிறுத்தினேன், ஒன்றரை மாசத்துல திரும்ப வந்துச்சு. டாக்டர்கிட்ட போகல, பழைய சீட்டையே காட்டி வாங்கிப் போட்டேன். தெளிஞ்சுது, நிறுத்தினேன், வந்துச்சு, மறுபடி போட்டேன், இப்படியே ஒன்றரை வருஷம் ஓடிடுச்சு, கடைசி தடவை ரெண்டு மாசம் சாப்பிட்டும் ஒரு பரு கூட அடங்கல. போய் கேட்டப்போதான் அந்த டாக்டர் விளக்கினாரு, ஆன்டிபயாடிக்க மட்டும் தனியா இப்படி மாசக்கணக்கா போட்டா அந்த பாக்டீரியா மருந்துக்கு பழகி எதிர்ப்பு வளத்துக்கும், பரு கிருமி மட்டும் இல்ல, உடம்புல இருக்கற மத்த கிருமிங்களுக்கும் அது நடக்கும், நாளைக்கு நிஜமா ஒரு தொத்து வந்தா மருந்து கேக்காது. பென்சாயில் பெராக்சைடுக்கு மட்டும் அந்த கிருமி அப்படி பழகிக்கறதில்ல, அதான் ரெண்டையும் சேத்து எழுதினது. அதத்தான் நான் தூக்கிப் போட்டிருந்தேன்.

இப்போ எல்லா இடத்துலயும் இதே பேச்சுதான். 2021-ல பிரிட்டன்ல டாக்டர்களுக்கு வழிகாட்டுதல் எழுதற நைஸ் (NICE) அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல்ல, பருவுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரைய மட்டும் தனியா கொடுக்காதீங்கன்னு இருக்கு, 12 வாரம் கொடுத்துட்டு திரும்ப பாத்து முடிவு பண்ணுங்கன்னும் இருக்கு. உன் டாக்டர் மூணு மாசம்னு சொன்னது அதனாலதான்.

உனக்கும் க்ரீம் எழுதியிருப்பாரு, துவாரத்து அடைப்ப எடுக்கற அடாபலினோ, பென்சாயில் பெராக்சைடோ, ரெண்டும் கலந்ததோ. நீ அதப்பத்தி போன்ல ஒரு வார்த்தை சொல்லல, அதுதான் எனக்கு உறுத்துது. முதல் சில வாரம் எரியும், உரியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடு, பட்டாணி அளவு போதும் முகம் முழுசுக்கும், பரு மேல மட்டும் புள்ளி வைக்காம முகம் பூரா மெலிசா தடவு, எரிச்சல் தாங்கலன்னா முதல்ல மாய்ஸ்சரைசர் போட்டுக்கோ. துண்டும் தலைகாணி உறையும் வெள்ளையா வச்சுக்கோ, சாயம் போற தொல்லை இருக்காது. மாத்திரை மூணு மாசத்துல முடிஞ்சாலும் க்ரீம் அதுக்கப்புறமும் போகும், பரு திரும்பி வராம பாத்துக்கறது அதுதான்.

உடனே தெரியாது, அதுக்கு மனச தயார் பண்ணிக்கோ. ஆறு, எட்டு வாரம் ஆகும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய. காலைல எந்திரிச்சதும் கண்ணாடில எண்ணிப் பாத்து எண்ணிப் பாத்தே நான் பாதி செத்தேன். நீ வாரம் ஒரு தடவை, ஒரே ஜன்னல்கிட்ட, ஒரே வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து வை, அவ்வளவுதான். கிள்ளாதடா, ப்ளீஸ். என் தாடைல இருக்கற அந்தக் குழி நான் நகத்தால அழுத்தினதுதான்.

சில விஷயம் வந்தா எனக்கு போன் பண்றதுக்கு முன்னாடி டாக்டருக்கு பண்ணு. விடாத தலைவலி, பார்வை மங்கறது, ஒண்ணு ரெண்டா தெரியறது வந்தா மாத்திரைய நிறுத்திட்டு அன்னைக்கே போய் காட்டு, மூளையச் சுத்தி அழுத்தம் கூடுறதுக்கு அது அறிகுறி, ரொம்ப அபூர்வம்தான், ஆனா விடக்கூடாது. காய்ச்சலோட உடம்புல தடிப்பு, தண்ணியா நிக்காம போற வயித்துப்போக்கு, இதுக்கும் அதேதான். கடுமையான பருவுக்கு கொடுக்கற ஐசோட்ரெட்டினாயின்னு இன்னொரு மருந்து இருக்கு, அதையும் இதையும் சேத்து சாப்பிடவே கூடாது, ஃப்ரெண்டு யாராவது கொடுத்தா வாங்காத. உன் மாத்திரையயும் யாருக்கும் கொடுக்காத, கர்ப்பமா இருக்கறவங்க இத சாப்பிடக் கூடாது, யார் எந்த நிலைமைல இருக்காங்கன்னு நமக்கு தெரியாது.

12 வாரம் ஒழுங்கா சாப்பிட்டு, க்ரீமும் போட்டு, அப்பவும் கேக்கலன்னா அது உன் தப்பு இல்ல. டாக்டர்கிட்ட நேரா சொல்லு, அடுத்து என்னன்னு கேளு, வேற வழி இருக்கு. தழும்பு விழ ஆரம்பிச்சா 12 வாரம் கூட காத்திருக்காத. நான் வெக்கப்பட்டுக்கிட்டு போகாம இருந்த மாசங்கள்லதான் முதுகுத் தழும்பு முக்கால்வாசி விழுந்துச்சு. ராத்திரி தூக்கம் வராம, யார் முகத்தையும் பாக்கப் பிடிக்காம இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லு, என்கிட்டயும் சொல்லு, என்ன நேரமானாலும் எடுப்பேன். நான் அந்த வயசுல யார்கிட்டயும் சொல்லல, சொல்ல ஆள் இருக்குன்னு தோணல.

ஞாயித்துக்கிழமை கூப்பிடும்போது கேமரா போடணும்னு இல்ல. அம்மாகிட்ட நான் பேசிட்டேன், அவ இனிமே கேக்க மாட்டா. இத படிச்சதும் சீட்டையும் அந்த க்ரீம் ட்யூபையும் ஒரு போட்டோ எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு. இன்னைக்கு மாத்திரைய எத்தனை மணிக்கு போட்ட, எவ்வளவு தண்ணி குடிச்சன்னும் சேத்து எழுது.

அப்பா