உபரி யாருடைய பணம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

காங்கிரஸ் தலைவர் கோபால கிருஷ்ண கோகலே 1902ல் ஆற்றிய பட்ஜெட் உரை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். உப்பு வரியை அவர் எதிர்த்ததைச் சொல்லியிருக்கிறீர்கள், சரி. ஆனால் அந்த உரையின் உயிர்நாடியே உபரி, அதாவது அரசாங்கத்துக்குச் செலவு போக மிஞ்சிய பணம், பற்றிய வாதம்தான். அதைப் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

வைஸ்ராய் கர்சன் தலைமை வகித்த இம்பீரியல் சட்டசபை அது. நிதி உறுப்பினர் எட்வர்ட் லா ஏழு கோடி ரூபாய் உபரி காட்டியிருந்தார். கோகலேக்கு அப்போது 35 வயதுதான். எழுந்தவர், உபரிக்காக நிதி உறுப்பினருக்குக் கிடைக்கும் பாராட்டில் மனசாட்சிப்படி என்னால் சேர முடியாது என்று ஆரம்பித்தார். இரண்டு பெரும் பஞ்சங்கள் முடிந்த கையோடு கஜானா நிரம்பி வழிகிறதென்றால், அது எங்கிருந்து வந்தது?

1880களில் ரூபாய் மதிப்பு சரிந்துகொண்டே போனது. லண்டனுக்கு ஸ்டெர்லிங்கில், அதாவது பிரிட்டிஷ் பவுண்டில், கட்ட வேண்டிய தொகைக்கு வருஷா வருஷம் கூடுதல் ரூபாய் தேவைப்பட்டது. அதைச் சொல்லித்தான் வரிகளை ஏற்றினார்கள். 1888ல் உப்பு வரி, சுமார் 37 கிலோ கொண்ட மணங்குக்கு இரண்டரை ரூபாய் ஆனது. 1893ல், யார் வெள்ளி கொண்டுவந்தாலும் நாணயச் சாலைகளில் ரூபாயாக அடித்துக் கொடுப்பதை நிறுத்தி, சரிந்த ரூபாயைப் பிறகு 16 பென்ஸுக்கு ஏற்றிக் கொண்டுவந்தார்கள். லண்டனுக்குக் கட்ட அத்தனை ரூபாய் தேவைப்படாமல் போன பிறகும், ஏற்றிய வரி மட்டும் இறங்கவில்லை. உபரி என்பது அந்த வரிதான் என்றார் கோகலே.

லண்டனுக்குப் போன பணத்தில் ரயில்வே கம்பெனிகளின் வட்டியும் சேர்த்தி. பழைய ஒப்பந்தங்களில் நிலம் இலவசம், போட்ட முதலுக்கு ஐந்து சதவீதம் உத்தரவாதம், குறைந்தால் அரசாங்கம் ஈடுகட்டும். ஐந்து சதவீதம் உறுதியான பிறகு, தன் பணத்தைக் கல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றில் கொட்டினாலும் செங்கல் சுண்ணாம்பாக்கினாலும் முதலாளிக்கு ஒன்றுதான் என்று 1872ல் பார்லிமெண்ட் குழுவிடம் சாட்சி சொன்னவர் முன்னாள் நிதி உறுப்பினர் மாசி. ஆளும் தரப்பு ஆசாமியே சொன்னது இது! துண்டு விழுந்ததெல்லாம் கடைசியில் உப்பு வாங்குகிறவன் தலையில்தான்.

உப்பு வரி 1903ல் இரண்டு ரூபாயாகி, 1907ல் ஒரு ரூபாய்க்கு வந்தது. ஒரே ஒரு உரையால் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். கையில் பணம் இருந்ததால் குறைக்கவும் முடிந்தது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். 1897ல், இந்திய அரசாங்கச் செலவுகளை விசாரித்த வெல்பி கமிஷன் முன் கோகலேயோடு சாட்சி சொன்னவர்களில், சுதேசமித்திரன் நிறுவிய நம்ம ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர். அவருடைய சாட்சியத்தைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்களேன்.

— ஒரு வாசகர், கும்பகோணம்