கைபிடி வாங்குமுன் துளையை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் எங்கள் பக்கத்தில் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். அந்தக் கையோடு பழைய அலுமாரிக்குப் புதுக் கைபிடி போடவும் நினைப்பார்கள். அப்படி நினைப்பவர்களுக்கும், கைபிடி விற்கும் ஹார்ட்வெயார் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் வீட்டில் நான்கு லாச்சி (இழுப்பறை) வைத்த தூனா மர அலுமாரி ஒன்று இருக்கிறது. அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில் தச்சராக இருந்தவர். 1981இல் என் கல்யாணத்துக்கென்று, வேலை முடிந்து வந்த பிறகு லயத்து வாசலில் வைத்து அந்தியில் செய்தது. லாச்சிகளின் அடிப்பலகை தேயிலைப் பெட்டியின் பிளைவுட். மேல் லாச்சியில் துணிகளை எடுத்துவிட்டுப் பார்த்தால், ‘பி.ஓ.பி.’ என்று கறுப்பு மையில் அடித்த தேயிலைத் தர எழுத்து இன்றும் தெரியும்.

போன வருஷம் ஜூலையில் அடைமழை. மரம் ஈரத்தை இழுத்து ஊதி, லாச்சிகள் இறுகிவிட்டன. நான் பலமாக இழுத்ததில் மேல் லாச்சியின் கைபிடி ஒரு பக்கம் கழன்றது. டவுனிலிருந்து ஒருவரை வரவழைத்தோம். பளபளவென்ற ஸ்டீல் கைபிடிகளை அவரே வாங்கி வந்தார். பழைய துளைகளுக்கு இடையே 3 அங்குலம், அதாவது 76 மில்லிமீற்றர். அவர் கொண்டுவந்ததோ 96. நடுவில் வைத்தால் பக்கத்துக்கு 10 மில்லிமீற்றர் தள்ளிப் போகிறது. அவர் யோசிக்காமல் வெளிப்பக்கமிருந்து மெஷினால் துளைத்துவிட்டார். பழைய துளைக்கும் புதுத் துளைக்கும் நடுவில் சுண்டுவிரல் நகம் அளவு மரம்கூட மிஞ்சவில்லை. ஸ்குரூவை இறுக்கியதும் நார் ஓட்டத்தோடு படக்கென்று வெடித்தது. உள்ளே துளை வெளிவந்த இடத்தில் மரம் சிராய் சிராயாகப் பெயர்ந்து கிடந்தது. மற்ற மூன்றையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பா மழைக்காலத்தில் லாச்சி வேலைக்குப் போகமாட்டார். ஓடும் சட்டத்தில் மெழுகுதிரியைத் தேய்த்து விடுவதோடு சரி. அதனால் பெப்ரவரி வெயிலில் லாச்சிகள் இலகுவாக ஓடும்வரை காத்திருந்து, நானும் என் தம்பியும் வேலையைத் தொடங்கினோம்.

முகப்பில் ஒரு அட்டையைப் பிடித்து, உள்ளேயிருந்து பென்சிலைத் துளை வழியே விட்டுக் குத்தினோம். அந்த அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். மூன்றாவது கடையில்தான் ஒரு பித்தளைக் கைபிடி அட்டையின் துளைகளில் சரியாக உட்கார்ந்தது. அத்தோடு வந்த ஸ்குரூ 25 மில்லிமீற்றர். அப்பாவின் லாச்சி முகப்போ 22 மில்லிமீற்றர் தடிப்பு. மூன்றே மில்லிமீற்றர் கைபிடிக்குள் ஏறினால் எத்தனை நாளைக்கு நிற்கும்? 30 மில்லிமீற்றர் ஸ்குரூவைத் தனியாக வாங்கி, வாஷர் வைத்து, மெஷின் இல்லாமல் கையாலேயே இறுக்கினோம். நல்ல மூன்று லாச்சிகளிலும் ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை. பழைய கைபிடியைக் கழற்றுமுன் அதன் ஓரத்தைப் பிளேடால் மெல்லக் கீறிவிட வேண்டும். பழைய பொலிஷ் அதோடு ஒட்டியிருக்கும். சும்மா இழுத்தால் மரத்தையும் சேர்த்துப் பெயர்க்கும்.

வெடித்த லாச்சிக்குத்தான் நாள் எடுத்தது. வெடிப்புக்குள் மரப்பசையை இறக்கி, கயிற்றால் இறுக்கி ஒரு நாள் விட்டோம். அப்பாவின் பெட்டியில் கிடந்த தூனாத் துண்டில் முளை சீவித் துளைகளை அடைத்தோம். முளையின் நாரும் லாச்சியின் நார் ஓடும் பக்கமே ஓட வேண்டும். குச்சியை நெட்டுக்குச் செருகினால் அதன் வெட்டுமுகம் பொலிஷைக் குடித்துக் கறுத்துத் தெரியும். பசை காய்ந்ததும் பழைய அளவிலேயே மறுபடி துளைத்தோம். உள்ளே ஒரு பலகைத் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் ஆணியால் சின்னக் குழி குத்தி, துளைக்கும் சிறிய அலகை விட்ட பிறகுதான் பெரிய அலகை விட்டோம். இந்த முறை சிராய் பெயரவில்லை. ஆனால் சாயங்கால வெயில் சாய்வாகப் படும்போது அந்த வெடிப்பு மயிரிழையாக இன்னும் தெரிகிறது.

கடைக்காரர்களே, துளை இடைவெளி எவ்வளவு என்பதை அங்குலத்திலும் மில்லிமீற்றரிலும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வையுங்கள். 3 அங்குலக் கைபிடியும் நீளமான ஸ்குரூவும் கொஞ்சமாவது வாங்கி வையுங்கள். தோட்டத்துத் தச்சர்கள் அங்குலக் கணக்கில் செய்த அலுமாரிகள் மலையகத்தில் என் வீட்டில் மட்டுமா இருக்கின்றன? வேலைக்குப் போகும் தம்பிமார் வீட்டில் வந்து அளந்த பிறகு கைபிடி வாங்குங்கள்.

துளைகள் பொருந்தினால் இந்தத் தீபாவளிக்கே மாற்றிக்கொள்ளலாம். புதிதாகத் துளைக்க வேண்டியிருந்தால், தயவுசெய்து தை பிறந்து நல்ல வெயில் வரும்வரை பொறுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தலவாக்கலை.