பெட்டிக்குள் ஒரு கிளி: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கதிர்,

நீ வரைந்து அனுப்பிய கார்ட்டூன் கிடைத்தது. சதுரத் தலை ரோபோ தோசை சுடுகிறது, வீட்டு மனிதர்கள் எல்லாம் சோபாவில் சாய்ந்து கிடக்கிறார்கள். கோடு நன்றாக வந்திருக்கிறது. சிரிப்புதான் வரவில்லை. மாமா இப்படிப் பட்டென்று சொல்லிவிட்டாரே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. உனக்கு முன்னால் இதே மாதிரி மெஷின்களைக் கிண்டல் செய்து படம் போட்ட சிலரைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

1896 அக்டோபர் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் ஜர்னல் பத்திரிகையில் ரிச்சர்ட் அவுட்கால்ட் வரைந்த 'யெல்லோ கிட்' வருகிறான். மஞ்சள் அங்கி போட்ட மொட்டைத்தலைச் சேரிப் பையன். அன்றைக்கு அவனிடம் ஒரு புது போனோகிராஃப் இருக்கிறது, பதிந்த குரலைத் திரும்ப ஒலிக்கும் அந்தக் காலத்துக் கருவி. பெட்டி பேசுகிறது. எதைப் பற்றி என்கிறாய்? ஜர்னலின் வண்ண இணைப்பைப் பற்றித்தான், ஆகா ஓகோ என்று. கடைசிப் படத்தில் பெட்டியைத் திறந்துகொண்டு ஒரு கிளி வெளியே வருகிறது. அவ்வளவு நேரம் பேசியது அதுதான்!

சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்று நம் ஊரில் திட்டுவோம் இல்லையா, இன்றைக்கு ஏஐ-யையும் அப்படித்தான் திட்டுகிறார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. அந்த இணைப்பு புதிதாக வந்த வண்ண அச்சு இயந்திரத்தில் அடித்தது. அதாவது ஒரு மெஷின் பெற்ற பிள்ளை இன்னொரு மெஷினைக் கிண்டல் செய்கிறது, போகிற போக்கில் தன் முதலாளியின் விளம்பரத்தையும் கிளிப்பேச்சு ஆக்கிவிடுகிறது. சம்பளம் கொடுக்கிறவரின் பத்திரிகையிலேயே அதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். விளம்பரமாகவே எண்ணி வரைந்திருந்தாலும் சரி, கிளி கிளிதான்.

லண்டன் டெய்லி மிரரில் ஹேசல்டன் என்றொருவர், 1919 மார்ச் 5-ஆம் தேதி, சட்டைப்பை டெலிபோன் வந்தால் அது எந்த நேரம் பார்த்து மணியடிக்கும் என்று வரைந்தார். ரயிலைப் பிடிக்க ஓடும்போது, கச்சேரியில் உட்கார்ந்திருக்கும்போது, தாலி கட்டுகிற மாதிரி அவர்கள் ஊர்க் கல்யாண நேரத்தில். அப்படி ஒரு போன் அப்போது கடையில் கிடையாது. உன் அக்கா கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது சாஸ்திரிகள் இடுப்பிலிருந்து குத்துப்பாட்டு ஒலித்ததே, அவர் மந்திரத்தை விடாமல் இடது கையால் மடிக்குள் துழாவினாரே, அன்றைக்கு எனக்கு ஹேசல்டன் ஞாபகம்தான் வந்தது. அவர் கருவியை வரைய மெனக்கெடவே இல்லை. மனிதன் திருதிருவென்று விழிக்கிற நேரத்தைத்தான் பிடித்தார்.

அப்புறம் ரூப் கோல்ட்பெர்க், அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட். உனக்கு ரொம்ப நெருக்கமானவர். 1904-இல் பெர்க்லியில் பொறியியல் முடித்து, சான் பிரான்சிஸ்கோ நகரத் தண்ணீர், சாக்கடைத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆறு மாதம்தான். பத்திரிகையில் படம் போடக் கிளம்பிவிட்டார். (உன் அம்மாவிடம் இந்தப் பத்தியைக் காட்டாதே.)

1931-இல் அவர் வரைந்த தானியங்கி நாப்கினை, அதாவது தானாகவே துடைத்துவிடும் கைத்துணியைப் பார். சூப் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனால் கயிறு இழுபடும், அகப்பை பிஸ்கட்டை வீசும், கிளி அதைப் பிடிக்கத் தாவும். (மறுபடியும் கிளி!) அது உட்கார்ந்திருந்த கட்டை சாய்ந்து விதைகள் வாளியில் கொட்டும். வாளி கனத்துக் கீழே இறங்க, லைட்டர் பற்றி, ராக்கெட் கிளம்பி, அரிவாள் ஒரு நூலை அறுக்கும். நாப்கின் ஊஞ்சலாடி மோவாயைத் துடைக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் எழுத்துக் குறி போட்டிருப்பார், பாடப்புத்தகப் படம் மாதிரி. ஒரு கண்ணியைப் பிடுங்கினாலும் மற்றது நடக்காது. கையால் துடைத்தால் ஒரு நொடி. சாக்கடைக் குழாய் எங்கே வளைகிறது என்று பார்த்த கண் அது.

உன் ரோபோவுக்குள் என்ன இருக்கிறது என்று நீ யோசிக்கவே இல்லை. தோசைக்கல் காய்ந்ததா என்று அதற்கு எப்படித் தெரியும், தண்ணீர் தெளித்துப் பார்க்குமா?

ரோபோவை விடு. உங்கள் வீட்டு மாடியில் "தண்ணீர் தொட்டி நிரம்பிவிட்டது, மோட்டாரை நிறுத்தவும்" என்று ஒரு பெண் குரல் கத்துமே. பாட்டி கீழே இருந்துகொண்டு "இதோ வர்றேன்டி, கத்தாதே" என்று பதில் சொல்லுவாள். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து சுவிட்சுக்குப் போவதற்குள் தெருவெல்லாம் தண்ணீர். அதை வரைந்து அனுப்பு. சுவிட்ச் எந்தச் சுவரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரை.

அன்புடன்,
மாமா