முதலியாரா, பிள்ளையவர்களா?

அன்புள்ள பஞ்சு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இந்த ஒன்று. திட்டிக்கொள். சர்க்கரை அடங்கியிருக்கிறது, வீட்டில் எல்லோரும் சுகம். போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

'ஒருவரை ஆளாக்கியவர்கள்' என்று நீ எழுதியனுப்பிய பேச்சுக்கு, பழைய ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சா.வை எடுத்தது சரி. ஆனால் பழைய பாட்டையே பாடியிருக்கிறாய். 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரிடம் உ.வே.சா. தாம் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் அடுக்குகிறார். அவரோ இதனாலெல்லாம் என்ன பயன் என்று கேட்டு, பிறகு சீவக சிந்தாமணி என்ற காப்பியத்தின் பிரதியைக் கொடுக்கிறார். இதற்கு எட்டுப் பக்கம்! அவருக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அரைப் பக்கம். நானும் இத்தனை வருஷம் முதலியார்தான் என்ற உன் கட்சிதான். இப்போது பிள்ளையவர்கள் பக்கம் மாறிவிட்டேன். திண்ணைக் கோஷ்டிக்கு நீயே சொல்லிவிடு, எனக்குத் தைரியமில்லை.

மாறியதற்குக் காரணம் ஓலைதான். ஓலையில் புள்ளி கிடையாது. எழுத்தாணியால் குத்தினால் பொத்துப்போகும். நெடிலுக்குப் போடும் காலும் (ா) ரகரமும் ஒரே வடிவம். ஒற்றைக் கொம்பு (ெ), இரட்டைக் கொம்பு (ே) என்ற வேறுபாடு இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. 'சரபம்' என்று எழுதியதைச் 'சாபம்' என்றும் படிக்கலாம். அகராதியைப் புரட்டினால் இரண்டும் இருக்கும். அப்புறம் எதை வைத்துத் தீர்ப்பது?

யாப்பை, அதாவது செய்யுள் இலக்கணத்தை வைத்துத்தான். தனிக் குறிலோ தனி நெடிலோ நேரசை, குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்தால் நிரையசை, பின்னால் ஒற்று வந்தாலும் அப்படியே. அசைகள் சேர்ந்தது சீர். ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்; மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய். சரபம் நிரைநேர், புளிமா. சாபம் நேர்நேர், தேமா. வெண்பாவாக இருந்தால் முந்தைய சீரைப் பார்: அது மாவில் முடிந்தால் அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும், ஆகவே சரபம். விளத்திலோ காயிலோ முடிந்தால் சாபம். அடியின் முதல் சீராக வந்தால், அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒத்துவரும் எதுகையே காட்டிக்கொடுக்கும். மற்ற அடிகளில் இரண்டாம் எழுத்து ரகரமா பகரமா என்று பார்த்தால் தீர்ந்தது.

இனி அந்தாதிக்கு வா, முதலியார் பயனில்லை என்று தள்ளிய அதே அந்தாதி. அது பெரும்பாலும் கட்டளைக் கலித்துறை என்ற, எழுத்தெண்ணிப் பாடும் பாவகை. அடிக்கு ஐந்து சீர். நேரில் தொடங்கினால் ஒற்று (புள்ளி எழுத்து) நீக்கி 16 எழுத்து, நிரையில் தொடங்கினால் 17. அபிராமி அந்தாதியின் முதல் அடி 'உதிக்கின்ற' என்று நிரையில் தொடங்குகிறது. அதைப் புள்ளியில்லாமல் ஒரு தாளில் எழுதி எண்ணிப் பார். உயிர்மெய்க் குறிகளைத் தனியாக எண்ணாமல் விட்டால் 26 வரும். 17 போக மிச்சம் 9. புள்ளி வைக்க வேண்டிய இடமும் சரியாக ஒன்பதுதான்! இந்தக் கணக்கை விரல்விட்டு எண்ணாமலே காது சொல்ல வேண்டுமானால், ஆயிரக்கணக்கான பாட்டுக்கள் உள்ளே ஊறியிருக்க வேண்டும். 1871 முதல் 1876இல் பிள்ளையவர்கள் கண் மூடும்வரை உ.வே.சா.வுக்கு நடந்தது அதுதானே? ஆசிரியர் செய்யுள் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதும் சேர்த்து.

காது மட்டும் போதாது, ஒப்புக்கொள்கிறேன். சிந்தாமணியில் சமண சமயச் செய்தி வரும் இடங்களில் யாப்பு கைகொடுக்காது. அதற்குக் கும்பகோணத்துச் சைனர்களிடம் போய்க் கேட்டார். அவர்களுக்கு உன் பேச்சில் ஒரு வரிகூட இல்லை, அநியாயம். முதலியார் தூண்டியிராவிட்டால் 1887இல் சிந்தாமணி அச்சேறியிருக்காது என்பதும் உண்மை. நான் சொல்வது ஒன்றுதான்: முதலியார் கொடுத்தது பூட்டிய பெட்டி. சாவி மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் படித்தபோதே கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பயன் உண்டென்று முதலியாருக்கும் உ.வே.சா.வுக்கும் அன்றைக்குத் தெரியவில்லை.

நீ அனுப்பிய உங்கள் தாத்தா ஏட்டின் படத்தையும் பார்த்தேன். அடேய், எடுத்த எடுப்பில் அர்த்தம் பண்ணாதே! முதலில் புள்ளியில்லாமல் உள்ளபடியே பெயர்த்தெழுது. பிறகு சீர் பிரி, எதுகை பார், எழுத்தை எண்ணு. பொருள் கடைசியில். பொருளை முன்னால் வைத்தால், நமக்குப் புரியாத சொல்லையெல்லாம் பிழை என்று திருத்தத் தோன்றும். அப்படித் திருத்தினாலும் ஏட்டில் இருந்ததை அடிக்குறிப்பில் போடு. மூன்றாம் வரியில் நீ 'காம்' என்று படித்திருப்பது 'கரம்' என்றே எனக்குப் படுகிறது. எண்ணிப் பார்த்து எழுது. கணக்கு வாத்தியார் பிள்ளைக்கு அதுகூடவா வராது?

அன்புடன்,
வைத்தி